எங்கிருந்து வந்தது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள், விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும்" என்பதுதான் சங்கத்தார் எனக்கு இட்ட கட்டளை. நான் வேலை செய்வது உயிர் இரசாயன ஆய்வுகூடத்தில். அங்கே பல ஆண்டுகளாக என் கையில் புழங்கும் பொருள் மியூசின். சளிக்கும் உமிழ்நீருக்கும் அந்த வழுவழுப்பைக் கொடுப்பது இதுதான். நூற்றாண்டு விழா மேடையில் சளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்தச் சளிக்குள் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. நம்மைப் போல் பல சமயத்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த ஊரவர்கள் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது.

முதலில் மியூசின் என்றால் என்ன என்று பார்ப்போம். வெண்டிக்காயை நறுக்கினால் வழுவழுப்பாக ஒன்று வரும். சர்பத்தில் போடும் கசகசாவை ஊறவைத்தால் விதையைச் சுற்றி ஒரு கூழ் கட்டும். அவை தாவரங்களின் பசைகள். பெரும்பாலும் காபோவைதரேற்றால், அதாவது நீண்ட சீனிச் சங்கிலிகளால் ஆனவை. விலங்குகளின் வழுவழுப்பு வேறு விதம். அதன் நடுவே புரதச் சங்கிலி ஒன்று ஓடும். அந்தச் சங்கிலியின் இருமருங்கிலும் சிறுசிறு சீனிக் கிளைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். போத்தல் கழுவும் பிரஷை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பிதான் புரதம், சுற்றியுள்ள தும்புகள்தான் சீனிகள். எடை போட்டால் பாதிக்கு மேல், சிலவற்றில் 80 சதவீதம் வரைகூட, சீனிதான் இருக்கும். அந்தத் தும்புகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சளியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மியூசினின் பங்கு மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் சளி வெறும் தண்ணீராக ஓடிவிடும்.

மனித உடலில் ஏறத்தாழ 20 வகை மியூசின்களுக்கான மரபணுக்கள் உண்டு. கண், வாய், நுரையீரல், இரைப்பை, குடல், கருப்பைக் கழுத்து என்று ஈரமான உட்பரப்பு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஏதோ ஒரு மியூசின் போர்வை போர்த்தியிருக்கும். இரைப்பையில் ஊறும் ஐதரோக்குளோரிக் அமிலம் இறைச்சியையே கரைக்கும் வலிமையுள்ளது. இரைப்பையும் இறைச்சிதானே, அது ஏன் தன்னைத் தானே தின்றுவிடவில்லை? அதன் உட்சுவரை மூடியிருக்கும் சளிப்படைதான் பெருங்காவல். படையின் மேற்புறத்தில் கடும் அமிலம் இருக்க, அடியில், கலங்களை ஒட்டிய இடத்தில், ஏறக்குறைய நடுநிலையான சூழல் இருக்கிறது.

மியூசினை நீங்கள் நாள்தோறும் வாயில் உணர்கிறீர்கள். கடுஞ்சாயப் பிளேன்டீ ஒன்றைச் சீனியில்லாமல் குடித்துப் பாருங்கள். நாக்கு காய்ந்து உரசுவதுபோல் இருக்கும். அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்பான பூச்சு குலைகிறது. பால் சேர்த்தால் பாலின் புரதம் அந்தப் பொலிபீனோல்களில் ஒரு பங்கைத் தான் பிடித்துக்கொள்ளும். பால்தேத்தண்ணி துவர்ப்பாக இல்லாததற்கு அது ஒரு காரணம். தேயிலை மலையில் பிறந்த நமக்கு இதை விளக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை.

இனி ஆய்வுகூடத்துக்கு வருவோம். சளியை ஆராய வேண்டுமென்றால் மியூசின் நிறைய வேண்டும். மனிதரிடமிருந்து எடுக்கக்கூடிய அளவு சொற்பம், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் உண்டு. அதனால் உலகத்து ஆய்வுகூடங்கள் இறைச்சிக்கூடத்தின் கழிவை நாடின. இன்று இரசாயனக் கம்பனிகளின் விலைப்பட்டியல்களில் முக்கியமாக இரண்டு மியூசின்கள் இருக்கின்றன. ஒன்று பன்றியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. மற்றது மாட்டின் கீழ்த்தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுப்பது. பன்றியின் இரைப்பை பல விதங்களில் மனித இரைப்பையை ஒத்தது. இறைச்சிக்காக அறுக்கும் நாடுகளில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பது. ஆகவே மியூசின் என்று பொதுவாகச் சொல்லும் ஆய்வுகளில் மிகப் பல பன்றி மியூசினைக் கொண்டே நடந்தவை.

இந்தக் கழிவிலிருந்து என்னென்ன வந்தன என்று கேட்டால் வியப்பீர்கள்.

1936 இல் சுவீடன் நாட்டின் குன்னர் பிளிக்ஸ் என்ற விஞ்ஞானி மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பி மியூசினிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். உமிழ்நீருக்கான கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்குப் பின்னர் சியாலிக் அமிலம் என்று பெயர் வைத்தார். அது மியூசின் சீனிக் கிளைகளின் நுனியில் உட்கார்ந்திருப்பது. இன்ஃபுளுவென்சா வைரஸ் நம் கலங்களில் ஒட்டிக்கொள்வது அந்த நுனியைப் பிடித்துத்தான். உள்ளே பெருகிய வைரஸ் வெளியேறும்போது அதே நுனியை வெட்டிவிட்டுப் போவதற்கு ஒரு நொதியத்தையும் வைத்திருக்கிறது. மெல்பேர்ன் நகரில் அல்பிரட் கொட்ஷோக் மியூசின்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அந்த நொதியத்தின் வேலையைத் தெளிவாக்கின. அதன் பெயர் நியூராமினிடேஸ். 2009 இல் உலகையே கலக்கிய எச்1என்1 காய்ச்சலின் பெயரில் வரும் "என்" அதுதான். அப்போது வைத்தியசாலைகளில் கொடுக்கப்பட்ட ஒசெல்டமிவிர் என்ற மருந்து அந்த நொதியத்தை அடைத்துவிடும் மருந்து. மாட்டின் உமிழ்நீரிலிருந்து தொடங்கிய பாதை காய்ச்சல் மருந்துவரை வந்திருக்கிறது.

இரத்த வகைகளின் கதையும் இப்படித்தான். ஏ, பி, ஓ என்று நாம் சொல்லும் வகைகள் சிவப்பணுக்களின் மேல் மட்டும் இல்லை. அதே சீனி அடையாளங்கள் மியூசின்களிலும் உண்டு. இலண்டன் லிஸ்டர் நிறுவகத்தில் வோல்டர் மோர்கனும் வினிஃபிரட் வொட்கின்ஸ் அம்மையாரும், பெண்களின் சூலகக் கட்டிகளில் சேர்ந்திருந்த மியூசின் திரவத்தை ஆராய்ந்து, ஒரு இரத்த வகைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு நுனியிலுள்ள ஒரு சீனிதான் என்று காட்ட உதவினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓ வகை இரத்தத்தை எவருக்கும் ஏற்றுவதற்காக, அதிலுள்ள எதிர்பொருள்களை மட்டுப்படுத்தும் சரக்கு ஒன்றைக் கலந்தார்கள். பன்றியின் இரைப்பையிலிருந்து ஏ பொருளும் குதிரையின் இரைப்பையிலிருந்து பி பொருளும் எடுக்கப்பட்டன.

அண்மைக் காலத்துக்கு வந்தால், இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலுக்கும் ரொபின் வாரனுக்கும் 2005 இல் நொபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கிருமி கெட்டியான சளியை எப்படித் துளைத்துப் போகிறது என்பது புதிராக இருந்தது. 2009 இல் பொஸ்டனில் பேராசிரியை ரமா பன்சிலின் குழுவினர் பன்றி இரைப்பை மியூசினை வைத்து விடை கண்டார்கள். மியூசின் கடும் அமிலத்தில் கட்டிக் கூழாகும், அமிலம் தணிந்தால் இளகும். கிருமி துளைத்துச் செல்வதில்லை. தன்னைச் சுற்றிக் காரத்தை உண்டாக்கிச் சளியை இளகவைத்து, அதற்குள் நீந்திப் போகிறது.

இப்போது நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

பொஸ்டன் குழுவினர் கடையில் வாங்கிய மியூசின் பொடியை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. இரைப்பையிலிருந்து தாங்களே பக்குவமாகப் பிரித்தெடுத்த மியூசினைப் பயன்படுத்தினார்கள். கடையில் வரும் பழுப்பு நிறப் பொடியைத் தயாரிக்கும் முறை வேறு. இரைப்பையின் உட்தோலை அமிலத்திலும் பெப்சின் நொதியத்திலும் செரிக்கவைத்து, மதுசாரத்தில் படியவைத்து, உலர்த்துகிறார்கள். அந்தச் செரிமானத்தில் மியூசினின் நீண்ட சங்கிலி துண்டுபட்டுப் போகிறது. கரைத்தால் வழுவழுக்கும், ஆனால் அமிலத்தில் உண்மையான சளியைப்போல் கூழாகக் கட்டாது. போத்தலின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர், மியூசின். எங்கிருந்து வந்தது, எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமல் பொடியை வாங்கிப் பரிசோதனை செய்தால், முடிவு சளியைப் பற்றியதா, சளியின் சக்கையைப் பற்றியதா என்றே தெரியாது. ஆகவே எங்கள் துறையில் கட்டுரை எழுதுபவர் எந்த விலங்கு, எந்த உறுப்பு, எந்த வகை, எப்படிச் சுத்திகரித்தது என்று எழுத வேண்டும். எழுதாத கட்டுரையை நான் நம்பிப் படிப்பதில்லை.

விஞ்ஞானத்துக்கு மட்டுமா இந்தக் கேள்வி? நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் பிள்ளைக்குப் பன்றி விலக்கு. பக்கத்தில் இருக்கும் இந்துப் பிள்ளையின் வீட்டில் மாட்டிறைச்சி படியேறாது. அடுத்த பிள்ளைக்கு இரண்டும் சாப்பாடு. அலுமாரியில் இருக்கும் இரண்டு போத்தல்களில் ஒன்று ஒருத்திக்கும் மற்றது இன்னொருத்திக்கும் சங்கடம் தரலாம். கையுறையோடு ஆய்வுக்காகத் தொடுவது வேறு, உடலுக்குள் எடுப்பது வேறு என்று பலரும் பிரித்துப் பார்ப்பார்கள். எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல நான் மார்க்க அறிஞரும் இல்லை, குருக்களும் இல்லை. ஆனால் போத்தலில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வது ஆய்வுகூடத்தின் கடமை. அதை மறைத்துவிட்டு "விஞ்ஞானத்துக்குச் சமயமில்லை" என்று பேசுவது பெருந்தன்மை ஆகாது.

மறைவு என்ன செய்யும் என்பதற்கு இந்தோனேசியா ஒரு பாடம். 2018 இல் அங்கே அம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, ஊசி தயாரிப்பில் பன்றிமூலப் பொருள் பயன்பட்ட செய்தி பேசுபொருளாயிற்று. பொருள் விலக்கப்பட்டதே ஆயினும் வேறு ஊசி இல்லாத தேவை கருதி அனுமதிக்கலாம் என்று அந்நாட்டு உலமா சபை தீர்ப்பளித்தது. அதற்குள் பெற்றோர் பலரின் மனம் விலகிவிட்டது. ஆச்சே மாகாணத்தில் ஊசி போட்ட பிள்ளைகளின் தொகை மிகவும் குறைந்தது. முதலிலேயே மக்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தத் தீர்ப்பு அச்சத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

இது நம் வீட்டுக் கதவையும் தட்டும் விடயம். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மெல்லும் பழக்கம் அதற்குப் பெருங்காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் முடிவு சொல்லியிருக்கிறது. மலையில் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொள்வதை அறியாதவர் இங்கே இல்லை. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் எது கண்டாலும் காத்திருக்க வேண்டாம். பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த நோயை ஆராய்வதில் பெயர் பெற்ற பல் மருத்துவ பீடம் நமக்கு அருகே பேராதனையில் இருக்கிறது.

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் பலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழுதாகிவிடும். அதன்பின் வாய் காய்ந்தே கிடக்கும். ஒரு வாய் சோறு இறங்காது, பேச்சு ஒட்டும், பல் சொத்தையாகும். மியூசின் என்ன செய்து கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரியும். அத்தகையோருக்குச் செயற்கை உமிழ்நீர் கொடுப்பதுண்டு. பிரித்தானியாவில் பல காலமாகப் புழங்கிய ஏ.எஸ். சலைவா ஓர்த்தானா என்ற தெளிப்பானின் முக்கிய பொருள் பன்றி இரைப்பை மியூசின். வேறு சில தயாரிப்புகளில் மியூசினே இல்லை. தாவர நாரிலிருந்து வரும் கார்பொக்சிமெதில் செலுலோஸ் வழுவழுப்பைக் கொடுக்கும். வெளிநாட்டில் வாழும் சகோதரிகள் பலர் ஊரிலுள்ள பெற்றோருக்கு மருந்து வாங்கி அனுப்புகிறீர்கள். இத்தகைய தெளிப்பானை அனுப்பும் முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இது எதிலிருந்து? பதிலை நோயாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நோயாளி என்பதற்காக அந்த உரிமை போய்விடுவதில்லை.

மூலத்தைக் கேளாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்தோலிலிருந்து எடுக்கப்படுவதுதான். 2007, 2008 ஆம் ஆண்டுகளில் சீனாவிலிருந்து வந்த மூலச் சரக்கில் ஹெப்பரினைப்போலவே தோன்றும் வேறொரு மலிவான பொருள் கலந்திருந்தது. வழக்கமான சோதனைகளில் அது பிடிபடவில்லை. அமெரிக்காவில் நோயாளிகள் பலர் கடும் ஒவ்வாமைக்கு ஆளானார்கள், உயிர்களும் போயின. பின்னர்தான் சோதனை முறைகள் இறுக்கப்பட்டன.

விலங்கை நாடாமல் மியூசின் செய்ய முடியாதா என்று பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் நீரிழிவு நோயாளருக்கு இன்சுலின் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் வந்தது. 1982 முதல் பற்றீரியாவைக்கொண்டு செய்த மனித இன்சுலின் பாவனைக்கு வந்தது. மியூசினில் அது அத்தனை இலகுவாக இல்லை. இன்சுலின் சிறிய புரதம். மியூசினோ மிகப் பெரியது. அதன் பெறுமதி சீனித் தும்புகளில் இருக்கிறது, சாதாரணப் பற்றீரியா அந்தத் தும்புகளைக் கட்டித் தராது. ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. மனிதக் கலங்களை வளர்த்து அவற்றிலிருந்து மியூசின் எடுக்கிறார்கள். மியூசினைப்போல் நடந்துகொள்ளும் செயற்கைச் சங்கிலிகளைக் கட்டுகிறார்கள். 2022 இல் இரசாயன நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கரோலின் பெர்டோசி அம்மையார் கலங்களின் மேலுள்ள சீனிகளையும் மியூசின்களையும் பற்றி நெடுங்காலம் உழைத்தவர். மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கதரினா ரிபெக் அம்மையாரின் குழு, மியூசினின் சீனிகள் நோய்க்கிருமிகளைக் கொல்லாமலே சாதுவாக்குவதை 2019 இல் காட்டியது. அந்த ஆய்வுக்கும் பன்றி மியூசின் உதவியது. நான் பெயர் சொன்னவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை மேல்வகுப்புப் பிள்ளைகள் கவனித்திருப்பீர்கள்.

மூலத்தைச் சொல்லும் ஒழுக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. இங்கிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. ஏலத்துக்குப் போகும் தேயிலையில் தோட்டத்தின் மார்க், தரம், இன்வொய்ஸ் நம்பர் எல்லாம் இருக்கும். எந்த மலையில் பறித்த கொழுந்து என்று தெரியாமல் வாங்குபவர் விலை சொல்லமாட்டார். அந்தப் பெட்டிகளை நிரப்பிய கைகளின் பெயர்கள் மட்டும் எதிலும் எழுதப்படவில்லை. அந்தக் கைகளின் பேத்திகளும் பூட்டிகளும் நம்மில் எத்தனையோ பேர். பொருளின் மூலத்தைக் கேட்பது என்றால் அதற்குப் பின்னாலுள்ள உயிரையும் உழைப்பையும் சேர்த்தே கேட்பது.

இன்று முகத்துக்குப் பூச நத்தைச் சளி என்று கிறீம் விற்கிறார்கள். எலும்புக்கு மாத்திரை, தோலுக்குப் பொடி, ஜெலி இனிப்பு என்று எத்தனையோ வருகின்றன. பயந்து எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போத்தலைத் திருப்பிப் பார்த்து வாசியுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் இரண்டு முறை கேளுங்கள்.

உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒருநாள் ஆய்வுகூடத்துக்குப் போவீர்கள். உங்களிடம் ஒரு போத்தலைத் தந்து "இதைக் கரைத்துக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். கரைப்பதற்கு முன் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். அது அடக்கமில்லாத பெண் கேட்கும் கேள்வி அல்ல, நல்ல விஞ்ஞானி கேட்கும் முதற் கேள்வி. நமது பாடசாலை தந்த பழக்கங்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

நூறாண்டு கண்ட நம் சங்கம் இன்னும் பல பெண் பிள்ளைகளுக்குப் புத்தகமும் புலமைப்பரிசிலும் கொடுத்து நீடு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.